கரி பஸ்ஸும் பழைய வெல்டிங் டார்ச்சும்

1943 பிப்ரவரி 8, திங்கட்கிழமை. பட்டறை திறந்ததும் கார்பைடு டிரம்மைத் திறந்து, சனிக்கிழமை வேலையில் மிஞ்சிய வெள்ளைச் சேற்றை வெளியே எடுத்தேன். கார்பைடு கரைந்த பிறகு தங்கும் அந்தச் சேறு நல்ல சுண்ணாம்பு. பக்கத்துத் தெருப் பெண்கள் சுவருக்குப் பூச வாளியோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன். டிரம்மைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து, தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு விடும் கார்பைடு கல்லைக் கூடையில் நிரப்பி மூடினேன். ரப்பர் குழாய்களைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ஆக்ஸிஜன் சிலிண்டரின் வாயை உலர்ந்த துணியால் துடைத்தேன். கடைசியாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

வேலைக்கு முன்னால் கை கழுவும் ஆளைத் தருமபுரி பஸ் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. "மாதப்பன் கை கழுவிட்டாருங்க, எலை போடுங்க!" என்று டிரைவர்கள் தினமும் கத்துவார்கள். எண்ணெய்ப் பசையும் அழுத்தி அடைத்த ஆக்ஸிஜனும் சந்தித்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதைச் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன், கழுவுவதை நிறுத்தவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். கிளம்புகிற வாரத்தில் பட்டறையின் இளைய வெல்டர்கள் ஒரு பழைய டார்ச்சைக் கொண்டுவந்து, இதன் முனையில் சுவாலை வரும் நாஸில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கடைக்காரர் "அந்த மாடல் போயிருச்சு, புது செட்டே வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். யுத்த காலத்தில் புது செட் என்ற பேச்சே கிடையாதே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்றார்கள். வாயால் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

தொழில் கற்றது பெங்களூரில், ஒரு மோட்டார் பட்டறையில். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது, ஆக்ஸிஜன் நட்டு வலப்பக்கம் ஏறும், அசிட்டிலின் நட்டு இடப்பக்கம் ஏறும், மாற்றி மாட்டவே முடியாது என்பது. கடைசியில் சொல்லிக்கொடுத்தது, மாட்ட முடிந்ததெல்லாம் பொருந்திவிட்டது என்று நம்பாதே என்பது. இந்த இரண்டுக்கும் நடுவே சில வருஷங்கள் போயின. 1936-இல் தருமபுரிக்கு வந்தேன். அப்போது இது சேலம் ஜில்லா.

எங்கள் பட்டறைக்கு ஒரே டார்ச். அன்றைக்கு அதைப் புளோ பைப் என்போம். கோலார் பக்கம் ஏலத்தில் எடுத்தது. செய்த கம்பெனியின் பேர் தேய்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்றே உறுதியாகத் தெரியாது. ஆனால் நல்ல ஜாதி. கையில் எடுத்தால் எடை சரியாக உட்காரும். யுத்தம் வந்தபின் வெளிநாட்டு உதிரிப்பாகம் நின்றுபோயிற்று. அதிலிருந்து அந்த டார்ச்சை நான் கண்ணாடிப் பாத்திரம்போலத்தான் வைத்தெடுத்தேன்.

மேனேஜர் வரதராஜன் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். பட்டறைக்கு வண்டி வந்து நின்றதும், அதற்கு என்ன நோவு என்று கேட்பதற்கு முன்னால், எப்போது திரும்பத் தருவோம் என்பதை முன் கண்ணாடியில் எழுதிவிடுவார். பிறகுதான் பானட்டைத் திறக்கச் சொல்வார். குரலை உயர்த்த மாட்டார். "செய்" என்று சொல்லவே மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, "ஆச்சுன்னு வெச்சுக்கலாமா?" என்பார். இல்லை என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒரு பீடி புகைக்கிற நேரத்தில் திரும்பி வந்து அதையே கேட்பார். திட்டுகிற முதலாளியிடம் வேலை பார்த்துவிடலாம். இவரிடம் ஒரு வேலையை முடிக்காமல் சோறு இறங்காது.

அந்தத் திங்கட்கிழமை அவர் சாக்பீஸால் "செவ்வாய் காலை" என்று எழுதி வைத்திருந்த வண்டி, பாலக்கோடு காதர் பாயுடையது.

காதர் பாய்க்கு இருந்தது ஒரே பஸ். சந்தையில் கயிற்றுக் கடை வைத்திருந்தவர், கடையை விற்று அதை வாங்கி, தருமபுரிக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையே தானே ஓட்டினார். மச்சினன் கண்டக்டர். பெட்ரோல் ரேஷன் வந்ததும் எல்லாரையும்போல வண்டியின் பின்னால் கரி அடுப்பு மாட்டிக்கொண்டார். ஆள் உயர இரும்பு உருளை; அதில் அடுப்புக்கரி கனன்று வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். கரி பஸ் என்பார்கள். உருளையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் வாயு அங்கேயே எரிந்துவிடும், எஞ்சின் இழுக்காது. காதர் பாயின் உருளையில் தகடுகள் சேரும் அடித் தையல் முழுக்க விரிந்துவிட்டது. முந்தைய வாரம் பாலக்கோட்டைத் தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்று, பயணிகள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, எதிரே காரில் வந்தவர், வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர். செவ்வாய்க்கிழமை காலை தருமபுரியில் வண்டியைக் காட்ட வேண்டும், கரியில் இழுக்கவில்லையென்றால் பெர்மிட் ரத்து, அந்த ரூட்டுக்கு வேறு ஆள் மனுப் போட்டுக் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பெர்மிட் போச்சுன்னா இந்த வண்டிய என்ன பண்றது மாதப்பா? கோழி வளக்கலாம். ஆனா கரி வாடை அடிக்குதுன்னு கோழியும் வராது" என்றார் காதர் பாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பட்டறை வாசலை விட்டு மட்டும் நகரவில்லை.

உருளையைக் கழற்றிக் கவிழ்த்து, தையலைச் சுரண்டி, டார்ச்சைப் பற்ற வைத்தேன். வெல்டு ஒரு சாண் நீளம்கூட ஓடியிருக்காது. டப் என்று வெடித்து டார்ச் அணைந்தது. வால்வுகளை மூடித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்தேன். நாஸில் வாயிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. மாற்று நாஸில் அந்த அளவில் இல்லை.

ஸ்டோரில் ஒரு தகர டப்பா நிறைய வேறு வேறு கம்பெனி நாஸில்கள் கிடந்தன. எல்லாவற்றையும் பெஞ்சில் கொட்டினேன். பொருத்தம் பார்க்கும் முறை இதுதான். முதலில் மரை. கையாலேயே தடையில்லாமல் ஏற வேண்டும். ஸ்பானர் கேட்டால் அது வேறு ஜாதி. அடுத்தது ஆசனம். நாஸிலின் அடியில் இருக்கும் கூம்பு, டார்ச்சின் உள்ளே இருக்கும் குழியில் சுற்றிலும் ஒரே வட்டமாக உட்கார வேண்டும். ஃபிட்டர்கள் இதை எண்ணெயில் குழைத்த நீலத்தால் பார்ப்பார்கள். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய் ஆகாது என்பதால் நான் சலவை நீலத்தைத் தண்ணீரில் குழைத்துக் கூம்பில் தடவுவேன். மாட்டி, கால் திருப்புத் திருப்பி எடுத்தால், உள்ளே நீலம் வட்டமாக ஒட்டியிருக்க வேண்டும். வட்டம் அறுந்திருந்தால் அங்கே காஸ் கசியும்.

டப்பாவில் இருந்த ஒன்றுக்கும் மரை ஏறவில்லை. மேனேஜர் வந்தார்.

"ஆச்சுன்னு வெச்சுக்கலாமா?"

"இல்லீங்க. நாஸில் பொளந்துருச்சு."

பெஞ்சில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை. "சேலத்துக்கு ஆள் அனுப்பினா?" என்றார். இந்த டார்ச்சுக்குச் சேலத்திலும் கிடைக்காது என்று போன தீபாவளிக்கே விசாரித்துவிட்டதைச் சொன்னேன்.

காதர் பாய் எழுந்தார். "கடைவீதில நம்ம ஒறவுக்காரன் பழைய இரும்பு வெச்சிருக்கான். பித்தளையா வெங்கலமான்னே தெரியாம மூட்டை மூட்டையா வாங்கிப் போடுவான். அந்த ஒடஞ்சதக் குடு மாதப்பா, பாத்துட்டு வந்தர்றேன்" என்று பிளந்த நாஸிலை வாங்கிக்கொண்டு ஓடினார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வந்தார். வேட்டி மடியில் பழைய நாஸில்கள். ஒன்றை மட்டும் தனியாக உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது பளபளவென்று இருந்தது.

"ஒடஞ்சதோட மரையும் இதோட மரையும் ஒண்ணு. பல்லோட பல்லு வெச்சுப் பாத்துட்டேன். கொஞ்சம் முரடா இருந்துச்சு, அதான் வழியில நம்ம கிளீனர்கிட்ட கிரீஸ் வாங்கித் தடவிட்டேன். இப்ப வெண்ணெ மாதிரி ஏறும்!"

என் கை தானாகப் பின்னால் போயிற்று.

"பாய்! அத அங்கயே வைங்க. டார்ச் பக்கம் கொண்டு வராதீங்க!"

"என்னப்பா, பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போடலாமுங்க. கிரீஸோட ஆக்ஸிஜன் தெறந்தா நம்ம ரெண்டு பேரு மொகமும் போயிரும்."

பஸ்காரர் வேறென்ன செய்வார்? பிறந்ததிலிருந்து எண்ணெய் விட்டால் எதுவும் ஓடும் என்றே பார்த்தவர். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, "கழுவிடலாம் விடுங்க" என்றேன். சலவைச் சோடாவைத் தண்ணீரில் போட்டு அதில் நாஸிலைக் கொதிக்க வைத்தேன். தண்ணீரை மாற்றி மறுபடியும் கொதிக்க வைத்தேன். வெள்ளைத் துணியில் உருட்டினால் கறை படாத வரை விடவில்லை. பிறகு மரை பார்த்தேன், கையாலேயே ஏறிற்று. நீலம் தடவி ஆசனம் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் லேசாக அறுந்திருந்தது. செங்கல் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து உட்கார வைத்தேன். மறுபடி பார்த்தபோது நீல வட்டம் முழுசாக வந்தது.

"வந்துருச்சு!" என்று காதர் பாய் கத்தியதில் லேத்தில் நின்றிருந்த டர்னர் நஞ்சப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். மாரண்டஹள்ளிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம். "பாய்க்கு மகன் பொறந்தானா?" என்றார். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "ஆச்சுன்னு வெச்சுக்கலாமா?"

மரை சரி. ஆசனம் சரி. சாதாரணமாக எல்லாரும் இந்த இடத்தில்தான் பற்ற வைப்பார்கள். "இன்னும் ஒண்ணு பாக்கணுமுங்க" என்றேன்.

எங்கள் டார்ச் கார்பைடு டிரம்மில் ஓடுவது. டிரம்மிலிருந்து வரும் அசிட்டிலினுக்கு அழுத்தம் மிகக் குறைவு. அது தானாக நாஸிலுக்கு ஏறி வராது. டார்ச்சின் கழுத்துக்குள் இன்ஜெக்டர் என்று ஒரு சிறு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் நுண்ணிய துளை வழியே ஆக்ஸிஜன் வேகமாகப் பாயும்போது பக்கத்திலிருக்கும் அசிட்டிலினையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவை இருக்கிறதா என்று பார்க்க, அசிட்டிலின் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டு வால்வையும் திறந்து, ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, அசிட்டிலின் வாயில் விரலை வைக்க வேண்டும். விரலை உள்ளே இழுக்க வேண்டும்.

வைத்தேன். விரலில் காற்று வந்து மோதியது.

இழுக்க வேண்டிய வாய் ஊதுகிறது என்றால், ஆக்ஸிஜன் முன்னால் போக முடியாமல் அசிட்டிலின் குழாய்க்குள் திரும்புகிறது என்று அர்த்தம். அப்படியே பற்ற வைத்தால் நெருப்பு பின்பக்கம் ஓடி டிரம்முக்குள் போகும். டிரம்மின் பக்கத்தில்தான் காதர் பாய் உட்கார்ந்திருந்தார்.

"மரை ஏறிருச்சே! நீலமும் வந்துச்சே! இன்னும் என்னப்பா ஜாதகம் பாக்கிற?" என்றார் அவர்.

மேனேஜர் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். நான் பார்க்க அவர் பட்டறையில் எந்தச் சாமானையும் தொட்டதில்லை. முன்னால் வந்து, அவர் விரலையே அந்த வாயில் வைத்துப் பார்த்தார்.

"ஊதுது" என்றார். "அப்ப ஆகலை." காதர் பாயிடம் திரும்பி, "பாய், இத இவன் பத்த வெக்க மாட்டான். நானும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னவர் போகாமல் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்ஜெக்டரை வெளியே எடுத்தேன். துளை வட்டமாக இல்லை, முட்டைபோல இருந்தது. ஏலத்துக்கு வருமுன் யாரோ அடைப்பு எடுக்க இரும்புக் கம்பியை விட்டு விட்டு அகலமாக்கியிருக்கிறார்கள். பழைய நாஸிலின் வாய் பெரிது. அதனால் அது சமாளித்துவந்தது. புதிதாக வந்த நாஸிலில் தையல் ஊசியை விட்டுப் பார்த்தேன். பழையதில் தாராளமாகப் போன ஊசி இதில் பாதியில் நின்றது. அகலமான துளையில் வருகிற ஆக்ஸிஜன் குறுகிய வாயில் போக இடமில்லாமல் திரும்புகிறது. நாஸிலைப் பெரிதாக்கலாம் என்றால், அது நீளத் துளை. கோணிவிட்டால் கையிலிருக்கும் ஒரே நாஸிலும் போச்சு. இன்ஜெக்டர் துளையைச் சிறிதாக்குவதுதான் வழி. ஆனால் பித்தளையில் அத்தனை நுண்ணிய துளை போட எங்களிடம் டிரில் இல்லை.

இதை மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, காதர் பாய் தன் வண்டியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். "பெட்ரோல் இருந்த காலத்துல இந்தத் தொல்லை உண்டா? கார்புரேட்டர் ராஜா மாதிரி ஓடுச்சு. இப்ப அது சீட்டுக்கு அடியில துணி சுத்திக் கெடக்குது, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போன பொண்டாட்டி கணக்கா."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கார்புரேட்டருக்குள் ஜெட்டுகள் இருக்கின்றன. பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் தலைமுடி கனத்தில் கம்பெனியே போட்ட, கோணாத துளை.

"பாய், அந்தக் கார்புரேட்டரக் குடுங்க."

"எதுக்கு?"

"அதுல இருக்கிற ஜெட்டு வேணுமுங்க. இன்ஜெக்டர் நுனியில வெக்கப் போறேன்."

அவர் முகம் மாறிற்று. "யுத்தம் முடிஞ்சு பெட்ரோல் வந்தா நான் என்னத்த வெச்சு ஓட்டுவேன்? அந்த ஜெட்டு இப்ப எங்க கெடைக்கும்? அது ஒண்ணுதாம்ப்பா என்கிட்ட முழுசா இருக்குது."

நஞ்சப்பா சொன்னார்: "பெர்மிட் இல்லாத வண்டிக்குக் கார்புரேட்டர் எதுக்கு பாய்? அதுலயும் கோழி வளக்கப் போறீங்களா?"

காதர் பாய் அவரை முறைத்தார். பிறகு வண்டிக்குள் ஏறி, துணி மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எடுத்துக்க. ஆனா கம்பி விட்டு நோண்டிராத!" என்றார்.

அதில் மூன்று ஜெட்டுகள் வெவ்வேறு அளவில் இருந்தன. மூன்றையும் சோடாவில் கொதிக்க வைத்தேன். பெட்ரோல் பிசின் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. நஞ்சப்பா இன்ஜெக்டரை லேத்தில் பிடித்து அதன் கெட்டுப்போன நுனியைச் சீவி, ஜெட் உட்காரும்படி மரை வெட்டினார். எண்ணெய் விடாமல் பித்தளை வெட்டச் சொன்னதற்கு என்னைக் கன்னடத்தில் திட்டினார். ஆனால் எண்ணெய் விடவில்லை. இன்ஜெக்டர் எங்களிடம் ஒன்றுதான். கருவி ஒரு மயிரிழை விலகினால் டார்ச் என்ற பேச்சே முடிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினார். "ஆய்த்து" என்று அவர் நிமிர்ந்த பிறகுதான் நாங்களும் மூச்சு விட்டோம்.

முதலில் பெரிய ஜெட்டை வைத்து விரல் வைத்தேன். ஊதவில்லை, இழுக்கவும் இல்லை. அடுத்துச் சிறியதை வைத்தேன். இழுத்தது. ஆனால் ஆக்ஸிஜன் இவ்வளவு குறைவாக வந்தால் உருளைத் தகட்டின் கனத்துக்குச் சுவாலை போதாது. நடு ஜெட்டைத் திருகி, டார்ச்சைப் பூட்டி, ஆக்ஸிஜனைத் திறந்து, விரலை வைத்தேன்.

விரல் ஒட்டிக்கொண்டது. பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"எங்க, நானு" என்று காதர் பாய் வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். முணுமுணுக்காமல் கழுவிவிட்டு வந்து விரலை வைத்தார். "அடேயப்பா! கன்னுக்குட்டி சப்புற மாதிரி இழுக்குதே!" என்று சிரித்தார். நஞ்சப்பா வைத்துப் பார்த்தார். மேனேஜரும் வைத்துப் பார்த்தார். டிரைவர்கள் கை கழுவிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். அன்றைக்கு என்னை யாரும் இலை போடச் சொல்லிக் கேலி செய்யவில்லை.

பூந்திக்கொட்டை நுரையை எல்லா இணைப்பிலும் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பற்ற வைத்தேன். முதலில் புகை, பிறகு மஞ்சள், ஆக்ஸிஜனைக் கூட்டக் கூட்ட நீலம். கடைசியில் நாஸில் வாயில் முல்லை மொட்டுபோல வெள்ளை முனை திரண்டு அசையாமல் நின்றது. பழைய நாஸிலில்கூட அவ்வளவு சுத்தமான சுவாலையை நான் கண்டதில்லை. அடித் தையலை ஒரே ஓட்டமாக இழுத்தேன்.

வெல்டு ஆறியதும் மேனேஜர் பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை, சாக்பீஸை நீட்டினார். தையலின் வெளிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் தடவினேன். ஓட்டை இருந்தால் வெள்ளையில் ஈரம் தெரியும். வெயில் சாயும் வரை எல்லாரும் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரம் வரவில்லை.

"ஆச்சுங்க" என்று நானாகச் சொன்னேன்.

"தெரியுது" என்றார் மேனேஜர்.

அந்த டார்ச் அப்படியே யுத்தம் முடிந்து அதற்குப் பிறகும் ஓடியது. கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பழைய டார்ச்சுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். கரி பஸ் எல்லாவற்றிலும் கார்புரேட்டர் சும்மா கிடந்ததால் ஜெட்டுக்குப் பஞ்சமில்லை. வந்த டார்ச் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. இளைய வெல்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மரையையும் ஆசனத்தையும் கண்ணால் பாருங்கள், இழுவையை விரலால் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நாஸில் உங்களுடையது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலை காதர் பாயின் பஸ்தான். பட்டறை திறக்குமுன்பே உருளையில் கரி நிரப்பி மச்சினன் ஊதுவிசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டறைக்கே வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எரியும் திரியைத் தையலோரமாகச் சுற்றிலும் நகர்த்திப் பார்த்தார். சுடர் எங்கேயும் உள்ளே சாயவில்லை. ஏறி உட்கார்ந்து அதியமான்கோட்டை வரை போய்வரச் சொன்னார். போகும்போதும் வரும்போதும் வண்டி ஓரிடத்திலும் திணறவில்லை. பட்டறை வாசலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நான் பாலக்கோடு போகணும், இதுலயே வந்துடறேன்" என்று மறுபடியும் சீட்டில் சாய்ந்தார்.

காதர் பாய் மச்சினனிடமிருந்து பையை வாங்கி, டிக்கெட் ஒன்றைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க பாஸஞ்சருங்க சார். சும்மா கூட்டிட்டுப் போனா, பெர்மிட்டுக்கு லஞ்சம் குடுத்தேன்னு நாலு பேரு சொல்லுவாங்க."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்து, சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறையைத் தேடினார். காதர் பாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரைட்!" என்றார்.